ஒப்படைக்க ஓர் இடம்: ஓயாப் பயணிகளின் எழுத்தில் தனிமையும் வாழ்வின் பொருளும்

ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தவர்கள் எழுதிய நூல்களை நாம் பெரும்பாலும் இடங்களுக்காகவே படிக்கிறோம். மலை, ஆறு, சந்தை, சாப்பாடு, உடை என்று வேண்டியதை எடுத்துக்கொண்டு நூலை மூடிவிடுகிறோம். சில வாரம் சுற்றிவிட்டு வீடு திரும்பியவர்களை ஒதுக்கிவிட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை வழியிலேயே கழித்தவர்களின் எழுத்தை மட்டும் அடுத்தடுத்துப் படித்தால், இடங்களைவிட அழுத்தமாகத் தனிமை மேலெழுந்து வருவதைக் காணலாம். இத்தனிமை குறித்து இரண்டு கருத்துகள் செல்வாக்கோடு இருக்கின்றன. சுதந்திரத்துக்குக் கொடுத்தாக வேண்டிய விலை அது என்பது ஒன்று. தனிமையில்தான் வாழ்வின் பொருள் துலங்கும், ஆகவே அது ஒரு வரம் என்பது மற்றொன்று. நூல்கள் தரும் சான்றுகளோடு இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் வாதம். ஓயாத பயணத்தில் சிலர் நொறுங்கியதையும் சிலர் நிறைவு கண்டதையும் முடிவு செய்தது, கண்டதையும் தேடிச் சேர்த்ததையும் கொண்டுபோய் ஒப்படைக்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்ததா என்பதே.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் வெளியிட்ட நூலில் தனிமையை இரண்டாகப் பிரித்தார். மனத்துக்கு நெருங்கிய ஒருவர் இல்லாததால் வருவது ஒன்று. சேர்ந்து பழகும் கூட்டம் இல்லாததால் வருவது மற்றொன்று. ஒன்றின் குறையை மற்றது நிரப்பாது என்றார். நூறு பேரின் அறிமுகம் கிடைத்த பயணியும் ஏன் வாடுகிறார் என்பதை இது விளக்குகிறது. ஆனால் இசபெல் எபர்ஹார்ட்டின் வாழ்க்கை இந்தப் பகுப்புக்கு அப்பாலும் ஒன்றைக் காட்டுகிறது. 1877இல் ஜெனீவாவில் பிறந்து, அல்ஜீரியப் பாலைவனத்தில் ஆண் உடையில் சி மஹ்மூத் என்ற பெயரோடு அலைந்த எழுத்தாளர் அவர். 1900ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சார்டினியாத் தீவில் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, தான் தனியாக இருப்பதைச் சொல்லியே ஆரம்பிக்கிறது. தன் துயரம், தன் விதி, தன் ஏக்கம் என்று பக்கங்கள் நீள்கின்றன. காதிரிய்யா சூஃபி நெறியில் இணைந்து, அல்ஜியர்ஸ் பத்திரிகைக்குக் கட்டுரைகள் அனுப்பத் தொடங்கிய பின் எழுதியவற்றில் பார்வை வெளியே திரும்புகிறது. படைவீரர், அடிமை வழிவந்தோர், மடத்து மாணவர் என்று பிறர் பக்கங்களை நிறைக்கிறார்கள். பாலைவனமும் வறுமையும் நோயும் அப்படியே இருந்தன. எழுதியதை எதிர்பார்த்திருக்க ஓர் இடம் மட்டுமே புதிதாக வந்திருந்தது. 1904 அக்டோபரில் அயின் செஃப்ராவில் வந்த திடீர் வெள்ளத்தில் 27 வயதில் அவர் இறந்தார். அவருடைய கையெழுத்துப் படிகளைச் சேற்றிலிருந்து தேடி எடுத்தார்கள்.

தனித்த பயணத்துக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஜப்பானியக் கவிஞர் பாஷோவையும் (1644–1694) இந்தக் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும். 1689இல் குடிசையைக் கைமாற்றிவிட்டு, ஏறத்தாழ ஐந்து மாதம், 2,400 கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே நடந்தார். பெரும்பகுதி வழியில் சீடர் சோரா உடனிருந்தார். போன இடங்களில் தொடர்கவிதை அரங்குகள் கூடின. அந்த மரபில் விருந்தாளி முதற்பாட்டைச் சொல்ல, வீட்டுக்காரர் அடுத்ததைச் சொல்லித் தொடருவார். ஒபனசாவாவில் குசும்பாப்பூ வணிகர் ஒருவர் நாட்கணக்கில் தங்கவைத்து உபசரித்தார். ஓயிஷிதாவில் படகுக்காகக் காத்திருந்தபோது, வழிகாட்ட ஆளில்லாமல் கவிதை பயின்றுகொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அவர்களோடு ஒரு தொடரை அமைத்துக் கொடுத்தார். சோரா எழுதிவைத்த நாட்குறிப்பு 1943இல் அச்சானபோது, பாஷோ தம் நூலில் நாட்களையும் நிகழ்ச்சிகளையும் மாற்றி அமைத்திருப்பது வெளிப்பட்டது. நடந்து முடித்த பிறகும் வருடக்கணக்கில் அந்த நூலைச் செதுக்கியிருக்கிறார். அவருடைய கவிதையில் தனிமை உண்மைதான். ஆனால் அது அடுத்த அடியைச் சொல்ல ஒருவர் எதிரே இருக்கிறார் என்ற உறுதியின்மேல் நின்ற தனிமை.

தமிழ் மரபு இதையே ஓர் இலக்கிய வகையாக்கி வைத்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வருபவனுக்குப் போகவேண்டிய இடத்தையும் வழியையும் சொல்வதே அவற்றுள் நான்கின் அமைப்பு. அவற்றில் ஒன்றான மலைபடுகடாம் எந்தப் பாதையில் ஆபத்து இருக்கிறது, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றுகூட விரிவாகச் சொல்கிறது. பாணர்களும் கூத்தர்களும் நிலையான ஊரில்லாமல் சுற்றத்தோடு அலைந்தவர்கள். அந்த வாழ்வின் பசியை இப்பாட்டுகள் மறைக்கவில்லை. ஆனாலும் வழியில் கிடைத்த அறிவைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவதைக் கடமையாக்கியதன் மூலம், அலைதலுக்கு அவை ஒரு பொருளைத் தந்தன.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு மிகப் பெரிய சான்று இந்தி எழுத்தாளர் ராகுல் சாங்கிருத்யாயன் (1893–1963). தமிழில் ‘ஊர்சுற்றிப் புராணம்’ என்று வந்த நூலில், ஊர் சுற்றுவதைவிட உயர்ந்த அறம் இல்லை என்றும், குடும்பம், சொத்து, சாதி ஆகிய பிணைப்புகளை அறுத்தவரே அதற்குத் தகுதியானவர் என்றும் வாதிட்டவர் அவர். ஆனால் அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால் ஒரு பிணைப்பை அவர் கடைசிவரை அறுக்கவே இல்லை என்று தெரிகிறது. 1929இல் நேபாளம் வழியாக மாறுவேடத்தில் திபெத்துக்குள் நுழைந்தார். 1938க்குள் மேலும் மூன்று முறை சென்றார். கோவேறு கழுதைகளில் சுமை சுமையாக நூல்களையும் ஓவியங்களையும் ஏற்றிவந்தார். இந்தியாவில் காணாமல்போயிருந்த பௌத்தத் தருக்க நூல்களின் சமஸ்கிருத மூலங்களை மடங்களில் தேடிக் கண்டுபிடித்தார். தர்மகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் அவற்றுள் ஒன்று. அவர் கொண்டுவந்தவை பாட்னாவில் சேர்ந்தன. துறவியாகவும் ஆரிய சமாஜியாகவும் பிக்குவாகவும் மார்க்சியராகவும் மாறிக்கொண்டே இருந்தவரின் வாழ்வுக்குத் தொடர்ச்சி கொடுத்தது இந்த ஒப்படைத்தல்தான். தமிழ்ப் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரும் இந்த வரிசையில் வருபவர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் தோன்ற, அதற்காகக் கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள்களைச் சேகரித்து 1940இல் வெளியிட்டார். அவருடைய பயண எழுத்தில் ‘நான்’ மிகக் குறைவு. தன்னைத் தேடிப் போகாததால் தன்னைப் பற்றிப் புலம்பவும் அவருக்கு நேரவில்லை.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு துறவு மரபிலிருந்து வரும். பௌத்த நூலான சுத்தநிபாதத்தின் கக்கவிசாண சுத்தம் என்ற பாடல் தனித்துத் திரிவதையே போற்றுகிறதே, தனிமைதானே அங்கே இலக்கு என்று கேட்கலாம். பாடல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பௌத்த விநயம் அமைத்த வாழ்க்கையைப் பாருங்கள். மழைக்காலம் மூன்று மாதமும் பிக்கு ஓரிடத்தில் தங்க வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை சங்கம் கூடி விதிகளை ஓதும்போது, தவறு செய்தவர் அதை அறிவித்தாக வேண்டும். உணவைச் சேமித்துவைக்கக் கூடாது என்பதால் நாள்தோறும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். தனித்துத் திரிவோரையும் எவருக்கும் பதில் சொல்லாதவராக விட்டுவிடக் கூடாது என்று அந்த மரபு கவனமாகவே பார்த்துக்கொண்டது.

இரண்டாவது மறுப்பு ஆங்கிலப் பயண எழுத்தாளர் புரூஸ் சாட்வினுடையது. மனிதன் இயல்பிலேயே நடந்துகொண்டிருக்கப் பிறந்தவன், ஓரிடத்தில் அடைபட்டதுதான் அவன் நோய் என்ற கருத்தை அவர் 1987இல் வெளியிட்ட ‘தி சாங்லைன்ஸ்’ முன்வைத்தது. அப்படியானால் பொறுப்பு, ஒப்படைப்பு என்பதெல்லாம் வீடு கட்டிக் குடியிருப்பவர்களின் ஒழுக்கத்தை நாடோடியின்மேல் சுமத்துவது ஆகாதா? சாட்வினின் சான்றே இதற்குப் பதில் சொல்கிறது. அவர் எழுதிய ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பாட்டுப்பாதைகளில், ஒவ்வொருவருக்கும் பாட்டின் ஒரு பகுதி உரிமையாக வருகிறது. அதைப் பிசகாமல் காத்து அடுத்த தலைமுறையிடம் கொடுப்பது அவருடைய கடமை. மேய்ச்சல் நாடோடிகளும் குடும்பமும் மந்தையுமாகவே நகர்கிறார்கள். எவரோடும் சேராமல், எதற்கும் கட்டுப்படாமல் திரியும் நாடோடி நகரவாசியின் கற்பனை.

மூன்றாவது மறுப்பை என்னால் முழுமையாகத் தள்ள முடியவில்லை. பயணி ஓர் இடத்துக்குப் பொறுப்பேற்றபோது இன்னோர் இடத்தைக் கைவிட்டிருக்கலாம். ராகுலுக்குச் சிறுவயதில் செய்துவைத்த மணத்தின் மனைவி கிராமத்திலேயே இருந்துவிட்டார். 1947இல் அவர் இந்தியா திரும்பியபோது லெனின்கிராடில் இன்னொரு மனைவியும் மகனும் தங்கிப்போனார்கள். பயணியின் தனிமை இலக்கியம் ஆகிறது. வீட்டில் இருந்தவரின் தனிமை பதிவே ஆவதில்லை. இந்த அநீதியை உணர்ந்திருந்தது பிரிவைப் பாடும் சங்க இலக்கியப் பாலைத்திணை. அகநானூற்றின் நானூறு பாட்டுகளில் இருநூறு பாலை. போனவன் சுரத்தில் படுவதையும் பிரிந்தவள் வீட்டில் படுவதையும் ஒரே திணைக்குள் அது வைத்தது. ஆகவே என் வாதத்தை இங்கே திருத்திக்கொள்கிறேன். ஒப்படைக்க ஓர் இடம் இருப்பது பயணத்துக்குப் பொருள் தரும். விட்டுவந்த இடத்துக்குப் பட்ட கடனை அது தீர்க்காது.

எஸ்டோனியா 2020இல் தொடங்கிவைத்ததைப் போன்ற விசாக்கள் பல நாடுகளில் வந்து, மடிக்கணினியோடு நாடு மாறிக்கொண்டே வேலை செய்வது ஒரு வாழ்க்கை முறையாகிவிட்ட காலம் இது. தினமும் வீட்டாரோடு காணொளியில் பேசலாம், ஆயிரக்கணக்கானோர் படங்களைப் பார்க்கிறார்கள், பிறகு தனிமை எங்கே என்று கேட்கப்படுகிறது. பார்க்கிறவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், ஒருவர் வராமல் போனால் அவர்களுக்கு எதுவும் குறைவதில்லை. ஓயிஷிதாக்காரர்களுக்குக் குறைந்திருக்கும், பாட்னாவுக்குக் குறைந்திருக்கும். தமிழில் இன்று பயண நூல்கள் நிறைய வருகின்றன, வர வேண்டும். எழுத உட்காருபவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: எத்தனை நாடு போனோம் என்பதைத் தலைப்பில் போடுவதற்கு முன், இந்தப் பயணம் யாருக்குத் தேவைப்பட்டது என்ற கேள்விக்கு நேர்மையான பதிலை எழுதிவிடுங்கள். அந்தப் பதில் இல்லாத நூலில் எத்தனை நாடு இருந்தாலும் வாழ்வின் பொருள் கிடைக்காது.