கருத்துக் கேட்பும் பங்கேற்பும்

ஆலையை டிஜிட்டலாக்கும்போது தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டுதான் செய்கிறோம் என்று இன்று எல்லா நிர்வாகங்களும் சொல்கின்றன. அந்தக் கூற்றை மெய்யா பொய்யா என்று பிரிப்பதைவிட, எந்த அளவுக்கு மெய் என்று எடைபோடுவதே பயன் தரும். அதற்கு நான் கொள்ளும் அளவுகோல் மூன்று கேள்விகளால் ஆனது. எதை அளப்பது என்பதை யார் முடிவு செய்தார்கள்? அளந்ததை யார் பார்க்கிறார்கள்? அளவு தவறு என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? பயிற்சி வகுப்பு, பரிசுத் திட்டம், ஆலோசனைப் பெட்டி எல்லாம் இவற்றுக்கு அடுத்த நிலையில் நிற்பவை.

தென்காசி வட்டாரத்துக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. கடையம், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் மடியில் சுளகை வைத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றுகிறார்கள். சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, பார்த்து வாங்குபவர் சிலவற்றைக் கழித்துப் போடுவார். கழித்தது போக மிச்சத்துக்குத்தான் கூலி. இலை மட்டமாக இருந்ததா, சுற்றிய கை தவறியதா என்பதை அந்த இடத்தில் தீர்மானிப்பவர் ஒருவரே. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், கச்சாப்பொருள் வழங்குவதையும் பீடி கழிப்பதையும் தகராறுக்குரிய விஷயங்களாகவே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அளவை என்பது அதிகாரம் என்பதைச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. இன்று அதே வேலையைக் கேமராவும் சென்சாரும் செய்கின்றன. ஆனால் கேமராவோடு தகராறு செய்ய இடம் எங்கே என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை.

கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் ஒரு சிஎன்சி எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அது நின்றால் பக்கத்தில் உள்ள டேப்லெட்டில் காரணம் கேட்கும்: டூல் மாற்றம், பொருள் வரவில்லை, பழுது, இதர. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பவர். வார்ப்படத்தில் மணல் ஒட்டியிருந்ததால் டூல் உடைந்தது என்று எழுத அதில் வழி இருக்காது. டூல் மாற்றம் என்று அழுத்தினால் தன் பெயரில் பதியும் என்பது ஆபரேட்டருக்குத் தெரியும். ஆகவே 'இதர'வை அழுத்துவார். மாதக் கடைசியில் நிறுத்தத்தின் பெரும்பங்கு 'இதர'வாக வந்து நிற்கும். நிர்வாகம் ஆட்களுக்கு ஒழுங்கு போதவில்லை என்று முடிவு கட்டும். எந்திரம் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய உருப்படி மூன்றையும் பெருக்கிவரும் ஓஇஇ என்ற எண் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அடியில் உள்ள தரவு அச்சத்தால் திரிந்திருந்தால் அதன் மதிப்பு அவ்வளவுதான். தர மேலாண்மை அறிஞர் டெமிங் தம் பதினான்கு நெறிகளில் அச்சத்தை அகற்றுவதற்குத் தனியிடம் கொடுத்ததன் காரணம் இங்கே கண்முன் தெரிகிறது.

டெமிங்கின் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டின் சாதனையையும் சொல்லியாக வேண்டும். சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக அவர் பெயரால் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். தொடர்ந்து டிவிஎஸ் குழுமத்தின் பிற நிறுவனங்களும் ரானே நிறுவனங்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. தரவட்டம், சிறுசிறு திருத்தங்களைத் தொடர்ந்து செய்யும் கைசன், சிக்கலின் வேரைத் தேடும் ஒழுங்கு ஆகியவற்றின் மூலம், கையால் வேலை செய்பவரின் அறிவு பொறியாளரின் அறிவுக்கு இளைத்ததல்ல என்று அந்த முறை நிறுவிக் காட்டியது. இதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஆனாலும் அதன் எல்லை தெளிவானது. தொழிலாளி தன் வேலையைத் திருத்தலாம்; வேலையின் வரையறையைத் திருத்துவது அவர் கையில் இல்லை. எல்லாம் காகிதத்திலும் கரும்பலகையிலும் நடந்த காலத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை, ஏனெனில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது சொல்பவர் வசமே இருந்தது. சென்சார் வந்தபின் அவர் சொல்லாமலே தரவு போய்விடுகிறது. பழைய முறையைத் திரையில் ஏற்றிவிட்டால் பழைய பங்கேற்பும் கூடவே வந்துவிடும் என்று நம்புவது முறையியல் பிழை.

சட்டமும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பணிக்குழு அமைக்க அரசு ஆணையிடலாம் என்றது. குழுவின் வேலை நல்லுறவு வளர்ப்பதும் கருத்துச் சொல்வதும். பட்டியலிட்ட வேலை நிலைமைகளை மாற்றுமுன் 21 நாள் அறிவிப்பு வேண்டும் என்றது. ஆனால் தொழில்நுட்ப மேம்பாடு அந்தப் பட்டியலில் இடம்பெற்றது ஆட்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடுமானால்தான். யாரையும் நீக்காமல் எல்லோரையும் கண்காணிக்கும் திரை இந்த வலையில் எளிதாகச் சிக்காது. ஜெர்மனியின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கும் கருவியைப் புகுத்த ஆலைக்குழுவின் உடன்பாட்டைக் கோருகிறது. கருத்துக்கும் உடன்பாட்டுக்கும் உள்ள தூரமே இரண்டு சட்டங்களுக்கும் உள்ள தூரம்.

குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை. நம் தொழிற்சங்கங்கள் கூலி, போனஸ், நிரந்தரம் ஆகியவற்றுக்கு வலுவாகப் பேரம் பேசுகின்றன; மென்பொருளில் என்ன அளக்கப்படுகிறது என்று கேட்கும் திறமையை வளர்த்துக்கொள்வதில் பின்தங்கியே இருக்கின்றன. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த வேலைநிறுத்தத்தில் சங்க அங்கீகாரமே முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. பேசும் உரிமைக்கே இவ்வளவு போராட வேண்டியிருக்கும்போது தரவைப் பற்றிப் பேசத் தெம்பு எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் 1970களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. சிமுலா நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டன் நைகார்ட் அந்தச் சங்கத்தோடு உட்கார்ந்து வேலை செய்தார். ஆலைக்கு வரும் கணினி முறையைத் தொழிலாளர்களே ஆராய்ந்து நிலைப்பாடு எடுக்க அது வழிசெய்தது. 1975இல் அங்கே முதலாளிகள் அமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தரவு குறித்தே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன.

அந்த உதாரணத்தை வைத்துப் பார்க்கும்போதுதான் தென்காசியின் தனித்தன்மை புலப்படுகிறது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இயங்குகிறது. பள்ளிப்படிப்போ டிப்ளமோவோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் அதன் கல்வித்திட்டம், பட்டம் இல்லாதவர் மென்பொருள் எழுத முடியாது என்ற எண்ணத்தைத் தகர்த்தது. ஜோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவின் ஆதரவில் இதே வட்டாரத்தில் 'கருவி' என்ற பெயரில் மின்கருவி உற்பத்தியும் தொடங்கியிருக்கிறது. 'கிராமத்து ஆளுக்கு இதெல்லாம் புரியாது' என்ற வாதத்துக்கு இங்கே இனி இடமில்லை. இது பெரிய சாதனை. ஆனால் திறமையை உருவாக்குவது ஒன்று, முடிவில் பங்கு கொடுப்பது வேறு. மென்பொருள் எழுதுபவர் தன் கருவியைத் தானே அறிந்தவர்; எந்திரத்தருகே நிற்பவருக்கு அவர் கருவியின் நிரலை வேறொருவர் எழுதுகிறார். முன்னவரின் வெற்றியைப் பின்னவரின் பங்கேற்புக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் எதை அளப்பது என்று தொழிலாளர்களோடு உட்கார்ந்து முடிவெடுத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடுமா என்பது முதலாளிகளின் மறுப்பு. எனக்கு அது வலுவாகப் படவில்லை. காரணப் பட்டியலை நிறுவுமுன் மூன்று ஷிப்ட் ஆபரேட்டர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து எழுதுவதற்கு ஆகும் செலவு, ஓராண்டு 'இதர'வைச் சேகரிப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

ஆகவே என் தீர்ப்பு இது. தமிழ்நாட்டின் ஆலைகள் கருத்துக் கேட்பதில் தேர்ந்தவை. பங்கேற்பில் இன்னும் தேறவில்லை. பாடி தந்த ஒழுங்கும் மத்தளம்பாறை தந்த தன்னம்பிக்கையும் தேவையானவை. இரண்டும் சேர்ந்தாலும் மூன்றாவது கேள்விக்கு விடை வராது. அந்த விடை வரவேண்டுமானால் அளவையை மறுக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும்: தரவைத் தனிநபர் தண்டனைக்குப் பயன்படுத்துவதில்லை என்ற ஒப்பந்தம், காரணப் பட்டியலை மாற்ற ஷிப்டுக்கு ஒரு பிரதிநிதி, கேமரா கழித்த உருப்படியை மறுபடி பார்க்கக் கேட்கும் வழி. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளையும் கழிவுக்குக் கூலி இழந்த தாயும் ஒரே ஊரில் வாழும் தென்காசியில் இப்படியொரு ஒப்பந்தத்தை எழுத ஆள் தேட வேண்டியதில்லை. இங்கே அடுத்து வரும் ஆலையை, அது வாங்கும் எந்திரங்களைக் கொண்டு எடைபோடாமல் அந்த ஒப்பந்தத்தைக் கொண்டே எடைபோடுவேன்.