தணலும் பந்தியும்: அமெரிக்க பார்பிக்யூவின் மரபுகளும் அளவுகோல்களும்

பார்பிக்யூ என்ற சொல்லின் மூலம் ஒரு பரண். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் கவைக்கால் நட்டுக் குச்சிகளைப் பரப்பிக் கட்டிய மேடையை 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர்கள் ‘பார்பகோவா’ என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பரணில் தானியம் சேமித்தார்கள், படுத்தும் உறங்கினார்கள், அடியில் இளந்தீ மூட்டி, மேலே மீனையும் இறைச்சியையும் பரப்பி அனலிலும் புகையிலும் பக்குவப்படுத்தினார்கள். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு சொல்லின் பொருள் விரிந்தது. சமைக்கும் முறை, சமைத்த இறைச்சி, அதை உண்ணக் கூடும் விருந்து ஆகிய மூன்றுக்கும் அதுவே பெயராயிற்று.

இந்தச் சமையல் ஊர்கூடும் நிகழ்ச்சியானதற்குக் காரணம் எளிது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், ஒரு முழுப் பன்றியையோ காளையையோ அறுத்தால் அன்றே தின்று தீர்க்க வேண்டும். ஒரு குடும்பத்தால் அது ஆகாது. குழி வெட்டவும், விறகு எரித்துத் தணலாக்கவும், இரவு முழுக்கக் கண்விழிக்கவும் பல கைகள் தேவை. சமைப்பதற்கும் கூட்டம் வேண்டும், உண்பதற்கும் கூட்டம் வேண்டும்.

தணலும் நேரமும்

சுடுவது வேறு, பார்பிக்யூ வேறு என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் பாலபாடம். கொழுந்துவிடும் தீயில் நிமிடக்கணக்கில் வாட்டுவது சுடுதல். ஏறத்தாழ 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையான இளஞ்சூட்டில், விறகுப் புகை படிய, மணிக்கணக்கில் வேகவிடுவது பார்பிக்யூ. பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி, பன்றியின் தோள்பகுதி, விலா எலும்பு ஆகியவை நார் மிகுந்தவை. ஒரு காலத்தில் மலிவானவை. அவற்றிலுள்ள கொலாஜன் என்ற இணைப்புத்திசு, உள்வெப்பம் 70 டிகிரியைத் தாண்டிய பிறகே மெல்ல உருகி ஜெலட்டினாக மாறுகிறது. அவசரப்பட்டால் கறி செருப்புத் தோல், பொறுத்தால் பஞ்சு.

இடையில் ஒரு சோதனையும் உண்டு. கறியின் உள்வெப்பம் 65, 70 டிகிரி வரை ஏறி, அப்படியே பல மணி நேரம் அசையாமல் நின்றுவிடும். வியர்வை உடம்பைக் குளிரவைப்பதுபோல, மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்வதே காரணம். தீயைக் கூட்டாமல் காத்திருப்பவரே கைதேர்ந்தவர். அவருக்குப் பெயர் பிட்மாஸ்டர், குழியின் தலைவர்.

குழி வெட்டியவர்களும் பந்தியில் அமர்ந்தவர்களும்

ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த பன்றி, பூர்வகுடிகளின் தணல் முறை, ஐரோப்பியரின் வினிகர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பும் சமையல் அறிவும் ஆகியவை சேர்ந்து உருவானதே அமெரிக்க பார்பிக்யூ. 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் அது வழக்கமான பொழுதுபோக்கு. ஜார்ஜ் வாஷிங்டன் 1769இல் அலெக்சாண்ட்ரியா நகர பார்பிக்யூ ஒன்றுக்குச் சென்று இரவு முழுவதும் தங்கியதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1793 செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டிய விழாவும் 500 பவுண்டு எடையுள்ள காளையின் பார்பிக்யூவோடுதான் முடிந்தது.

19ஆம் நூற்றாண்டில் சுதந்திர தினமும் தேர்தல் கூட்டமும் பார்பிக்யூ இல்லாமல் நடக்கவில்லை. நீண்ட குழி வெட்டி, கடினமான மரங்களை எரித்துத் தணலாக்கி, குறுக்கே பச்சைக் கழிகளை அடுக்கி, அவற்றின்மேல் இறைச்சியைக் கிடத்துவார்கள். குச்சி நுனியில் துணி சுற்றி, வினிகரும் மிளகாயும் உப்பும் கலந்த நீரைக் கறியின்மேல் விடிய விடியத் தடவுவார்கள். தென் மாநிலங்களில் இந்த வேலை பெரும்பாலும் அடிமைகளுடையது. பந்தியில் அமர்ந்தவர்கள் வேறு.

விடுதலைக்குப் பிறகு அதே கைத்திறன் கறுப்பினத்தவரின் சொந்த விழாக்களுக்கும் தொழிலுக்கும் முதலாயிற்று. டெக்சாஸின் கால்வெஸ்டனில் 1865 ஜூன் 19 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டதை நினைவுகூரும் ஜூன்டீன்த் விழாவில் பார்பிக்யூவும் சிவப்பு நிறப் பானங்களும் நீங்கா இடம் பெற்றன. 2021இல் அந்த நாள் தேசிய விடுமுறையானது.

20ஆம் நூற்றாண்டிலும் அரசியல்வாதிகள் குழியை விடவில்லை. 1963 டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன், மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் லுட்விக் எர்ஹார்டுக்கு டெக்சாஸின் ஸ்டோன்வால் ஊர்ப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் அளித்த அரசு விருந்து பார்பிக்யூதான்.

நான்கு பெரும் மரபுகள்

விழாக்குழி கடையானபோது ஊருக்கொரு வழக்கம் நிலைத்தது. அவற்றுள் நான்கு பெரியவை.

முதலாவது கரோலினா. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியையே வேகவைப்பார்கள். வெந்த பன்றியை மரக்கட்டையில் போட்டு, இரண்டு கைகளிலும் வெட்டுக்கத்தி பிடித்துக் கொத்துவார்கள். மொறுமொறுப்பான தோலும் கொழுப்பும் சதையும் ஒன்றோடொன்று கலக்க, வினிகரும் மிளகாயும் மட்டும் சேரும். ஏடன் ஊரில் 1947இல் தொடங்கிய ஸ்கைலைட் இன் இதற்குப் பெயர்பெற்றது. மாநிலத்தின் மேற்கே லெக்சிங்டன் மரபில் தோள்பகுதி மட்டுமே. வினிகரில் சிறிது தக்காளி கெச்சப்பும் உண்டு. இந்த ஒரு கரண்டி கெச்சப்பை வைத்துக் கிழக்கும் மேற்கும் ஓயாமல் வழக்காடுகின்றன. தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் நிறக் கடுகு சாஸ். 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரின் வழிவந்தது என்பர்.

இரண்டாவது டெக்சாஸ். மாநிலத்தின் நடுப்பகுதியில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய கசாப்புக் கடைகளில், விற்காத கறியைப் புகையிட்டு விற்றார்கள். பருத்தி பறிக்க வந்த கூலியாட்கள் அதை வாங்கி, பொட்டலத் தாளை விரித்து நின்றபடியே தின்றார்கள். தட்டு இல்லை, முள்கரண்டி இல்லை. உப்பும் மிளகும் தேய்த்து, போஸ்ட் ஓக் விறகில் வேகவைத்த பிரிஸ்கெட்டை இன்றும் தாளில் வைத்தே தருவது அந்தப் பழக்கத்தின் எச்சம். லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய க்ரூய்ஸ் மார்க்கெட் நெடுங்காலம் சாஸே தரவில்லை. 1999இல் அந்தக் கடை இடம் மாறியபோது, பழைய குழியின் தணலைத் தொட்டியில் வாரித் தெரு வழியே இழுத்துச் சென்று புதிய குழியை மூட்டினார்கள். மாநிலத்தின் தென்கோடியில் ‘பார்பகோவா’ என்ற பழைய பெயரே மாட்டுத்தலைக் கறிக்கு வழங்குகிறது. தலையைச் சுற்றிக்கட்டிக் குழியில் இரவெல்லாம் வேகவைத்து, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உண்பார்கள்.

மூன்றாவது மெம்பிஸ். இங்கே விலா எலும்புதான் அரசன். சாஸ் பூசினால் ‘ஈரம்’, மசாலாப் பொடி மட்டும் தூவினால் ‘உலர்’. 1948இல் சார்லி வெர்கோஸ் தொடங்கிய ரான்டேவூ உலர் வகைக்குப் பெயர்போனது. கிரேக்க வம்சாவளியினரான அவருடைய மசாலாவில் கிரேக்கச் சமையலின் வாசனை உண்டு.

நான்காவது கேன்சஸ் சிட்டி. டென்னசியிலிருந்து வந்த ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் 1908இல் இங்கே கடை போட்டு, செய்தித்தாளில் சுற்றிய கறியை 25 சென்டுக்கு விற்றார். அவரிடம் தொழில் பழகிய சார்லி பிரையன்டும், அடுத்து அவருடைய தம்பி ஆர்தர் பிரையன்டும் அதைத் தொடர்ந்தார்கள். மாடு, பன்றி, கோழி என எல்லாக் கறிக்கும் இடம் தரும் மரபு இது. பெர்ரியின் சாஸ் கடுங்காரம். பின்னாளில் தக்காளியும் வெல்லப்பாகும் கூடி இனிப்பாயிற்று. பிரிஸ்கெட்டின் கருகிய ஓரத் துண்டுகளைத் தனிப் பண்டமாக்கியதும் இந்நகரமே.

சிறு மரபுகளில் இரண்டு தனித்தவை. கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் முதிர்ந்த செம்மறியின் கறி. அலபாமாவின் டிகேட்டரில் 1925 முதல் பாப் கிப்சன் கடையின் கோழிக்கு மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளை சாஸ்.

அளவுகோல்கள்

போட்டிகள் வந்த பிறகே வாய்வழக்கு விதியாயிற்று. மெம்பிஸ் நகரின் உலகப் போட்டி 1978இல் தொடங்கியது. கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சங்கம் 1980களின் நடுவில் அமைந்தது. சங்கத்தின் போட்டியில் கோழி, பன்றி விலா, பன்றிக்கறி, பிரிஸ்கெட் என நான்கு பிரிவுகள். சமைத்தவர் பெயர் தெரியாமல் மூடிய பெட்டியில் வரும் கறியை ஒரு மேசைக்கு ஆறு நடுவர்கள் சுவைக்கிறார்கள். தோற்றம், ருசி, மென்மை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். அதிக எடை ருசிக்கு. மெம்பிஸ் முறையில் நடுவர்கள் சமையல் இடத்துக்கே போய்ப் பந்தியில் அமர்ந்து, பக்குவத்தைக் கேட்டறிந்து மதிப்பிடுவதும் உண்டு.

பதத்தின் இலக்கணம் கறாரானது. விலாவைக் கடித்தால் கடித்த இடம் மட்டும் எலும்பிலிருந்து விடுபட வேண்டும்; தானாகக் கழன்று விழுந்தால் மிகையாக வெந்தது என்று பொருள். பிரிஸ்கெட் துண்டை விரலில் தொங்கவிட்டால் அறாமல் வளைய வேண்டும்; மெல்ல இழுத்தால் பிரிய வேண்டும். சதையின் ஓரத்தில் தோன்றும் இளஞ்சிவப்பு வளையம் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்வதால் வருவது. அது கண்ணுக்கு அழகு, ருசிக்குச் சான்றாகாது.

பந்தி வேற்றுமையும் வீட்டுக் கொல்லையும்

கறுப்பினத்தவர் வளர்த்த இந்தச் சமையலை விற்ற கடைகளே அவர்களை உள்ளே அமரவிடாத காலமும் இருந்தது. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் இருந்த ஆலிஸ் பார்பிக்யூவில் அவர்கள் பொட்டலம் வாங்கிச் செல்லலாம், உட்கார்ந்து உண்ண முடியாது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து அந்தக் கடை தொடுத்த வழக்கில், அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. தென் கரோலினாவின் பிக்கி பார்க் கடையும் தன்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 1968இல் அவ்வாறே தோற்றது.

இதற்கிடையே ஊர்க்குழி வீட்டுக் கொல்லைக்கும் வந்தது. ஃபோர்டு நிறுவனம் 1920களில் மரக்கழிவிலிருந்து கரிக்கட்டி தயாரித்தது. 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் மூடியுள்ள வெபர் அடுப்பை உருவாக்கினார். கடைகளிலும் பல, ஆளும் விறகும் மிச்சமாவதால் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாறின. விறகு இல்லாததை பார்பிக்யூ என்று சொல்லலாமா என்ற வாதம் அங்கே தொடங்கியது. விறகுக் குழியைக் கைவிடாதவர்களுக்குப் பெருமையும் சேர்ந்தது. டெக்சாஸின் ஆரன் ஃபிராங்க்ளின் 2015இலும், தென் கரோலினாவின் ராட்னி ஸ்காட் 2018இலும், உயர்தர உணவகச் சமையற்கலைஞர்களுக்கே பெரும்பாலும் போய்க்கொண்டிருந்த ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார்கள். இருவர் கடைகளும் இரவில் குழியருகே ஆள் விழித்திருக்கும் கடைகளே.