ஜாவா பயன்பாட்டு வழங்கிகளில் பின்னணிப் பணியும் ரிசோர்ஸ் அடாப்டரும்: ஒரு விமர்சனம்

பயனரைக் காக்க வைக்காமல் பிற்பாடு செய்து முடிக்கப்படும் வேலைகள் பின்னணிப் பணிகள் எனப்படுகின்றன. வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் போன்ற ஜாவா பயன்பாட்டு வழங்கிகளில் இப்பணிகளை நடத்தும் முறையும், வெளி அமைப்புகளோடு வழங்கியைப் பிணைக்கும் ரிசோர்ஸ் அடாப்டரும் நெருங்கிய தொடர்புடையவை. இரண்டின் வடிவமைப்பிலும் சரியான எண்ணங்கள் உள்ளன. அவை வந்து சேர்ந்த காலமும், அவை தொடாமல் விட்ட இடமும்தான் குறைகள்.

இழைகளுக்குத் தடை

பீன் தானாக இழைகளை, அதாவது த்ரெட்களை, உருவாக்கவோ நிர்வகிக்கவோ கூடாது என்பது ஈஜேபி விவரக்குறிப்பின் விதி. இதற்குக் காரணம் உண்டு. பரிவர்த்தனை, பாதுகாப்பு அடையாளம், பெயர்வெளி, கிளாஸ் லோடர் ஆகியவற்றை வழங்கி இழையோடு கட்டி வைக்கிறது. நிரலர் தாமே தொடங்கிய இழைக்கு இவை ஒழுங்காக வந்து சேர்வதில்லை. பயன்பாட்டை வழங்கியிலிருந்து நீக்கிய பிறகும் அந்த இழை ஓடிக்கொண்டிருந்தால், பழைய கிளாஸ் லோடரை நினைவகத்திலிருந்து அகற்ற முடியாது. மீண்டும் மீண்டும் நிறுவும்போது நினைவகம் நிரம்பி வழங்கி நின்றுபோகும்.

தடை விதித்தவர்கள் மாற்று வழியை உடனே தரவில்லை. நிரலர்கள் விதியை மீறி இழைகளைத் தொடங்கினர், குவார்ட்ஸ் போன்ற நூலகங்களை நாடினர், அல்லது சிறு வேலைக்கும் ஜேஎம்எஸ் வரிசையில் ஒரு செய்தியைப் போட்டு அதை எடுக்க ஒரு பீன் எழுதினர். 2003-இல் ஐபிஎம்மும் பிஇஏவும் சேர்ந்து காமன்ஜே என்ற பொது வரையறையை வெளியிட்டன. அதைத் தரமாக்கும் முயற்சி ஜேஎஸ்ஆர் 236, 237 எனத் தொடங்கி, பின்னர் ஒன்றாக்கப்பட்டு, 2013-இல் ஜாவா ஈஈ 7-உடன்தான் முடிந்தது. ஏறக்குறைய பத்தாண்டுத் தாமதம். அதற்குள் பலர் ஸ்பிரிங்குக்குப் போய்விட்டனர்.

ரிசோர்ஸ் அடாப்டர்

வியப்பு என்னவென்றால், பயன்பாட்டு நிரலருக்கு மறுக்கப்பட்ட வசதி அடாப்டர் எழுதுபவருக்கு முன்பே கிடைத்துவிட்டது. 2001-இல் வந்த கனெக்டர் ஆர்க்கிடெக்சர் 1.0, வழங்கியிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளை மட்டுமே கவனித்தது. 2003-இல் ஜே2ஈஈ 1.4-உடன் வந்த 1.5 பதிப்பு ஒர்க் மேனேஜரைச் சேர்த்தது. அடாப்டர் ஒரு வேலையை ஒப்படைத்தால் வழங்கி தன் இழையில் அதை ஓட்டித் தரும். வெளியிலிருந்து செய்தியும் பரிவர்த்தனையும் உள்ளே வரவும் வழி பிறந்தது.

ஒவ்வொரு வழங்கிக்கும் ஒவ்வொரு வெளி அமைப்புக்கும் தனித்தனி ஒட்டு எழுத வேண்டாம், ஓர் அமைப்புக்கு ஓர் அடாப்டர் போதும் என்பதே இதன் மூல எண்ணம். ஆனால் எழுதுவது கடினம். ஓர் எளிய இணைப்புக்குக்கூடப் பல இடைமுகங்களை நிறைவேற்ற வேண்டியிருந்தது. நடைமுறையில் பெரும்பாலான நிரலர்கள் அடாப்டரைச் சந்தித்தது தரவுத்தள இணைப்புக் குளத்திலும் ஜேஎம்எஸ்ஸிலும் மட்டுமே. பெயரிலும் குழப்பம்: ஜேசிஏ என்பது ஜாவாவின் குறியாக்கக் கட்டமைப்பையும் குறிக்கும், அடாப்டர் கோப்பின் ரார் என்ற பின்னொட்டோ சுருக்கக் கோப்புக்கும் உரியது.

தொடாமல் விட்ட இடம்

ஒர்க் மேனேஜரும் சரி, ஜேஎஸ்ஆர் 236-இன் எக்சிக்யூட்டரும் சரி, வேலையை நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. நடுவே வழங்கி விழுந்தால் காத்திருந்த வேலைகள் மறைந்துவிடும். அழைத்தவரின் பரிவர்த்தனையும் எக்சிக்யூட்டரில் ஓடும் வேலைக்குக் கடத்தப்படுவதில்லை. இழை யாருடையது என்ற கேள்விக்கு இத்தரங்கள் நல்ல விடை தந்தன. வேலை முடியும் என்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி செய்தி வரிசையின் தலையில் விழுந்தது.

இக்கேள்வியின் எடையை ஆதார் பதிவில் காணலாம். அன்னூரில் ஒருவர் விரல் ரேகையும் கருவிழிப் படமும் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டோடு வீடு திரும்புகிறார். எண் உருவாவது பிறகுதான். அவருடைய பதிவு ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பிடப்பட வேண்டும். 60 கோடிப் பேர் உள்ள தளத்தில் ஒரு நாளைக்கு 10 லட்சம் புதிய பதிவுகள் வந்தால், ஒப்பீடுகள் 6 கோடி கோடி. ஒரு பொதி நடுவழியில் தொலைந்தால் அந்த மனிதர் எண்ணுக்காக அலைய வேண்டியதுதான்.

ஆதார் ஆணையத்தின் பதிவுச் செயலாக்கம் ஜாவா, ஸ்பிரிங், மியூல், ராபிட்எம்க்யூ ஆகியவற்றால் படிப்படியான வரிசைகளாக அமைக்கப்பட்டது. ஒரு படியின் வேலை முடிந்தால் அடுத்த படியின் வரிசைக்குப் போகும். மூன்று நிறுவனங்களின் உயிரளவை ஒப்பீட்டு அமைப்புகளும் ஒரே பொது இடைமுகத்தின் வழியே இணைக்கப்பட்டன. கனெக்டர் ஆர்க்கிடெக்சர் கனவு கண்ட பொது ஒட்டு இதுதான், அதன் தரத்துக்கு வெளியே நிறைவேறியிருக்கிறது.

படிநிலை முறைக்கும் குறை உண்டு. 2001-இல் செடா என்ற பெயரில் இதை முன்வைத்த மாட் வெல்ஷே, ஒவ்வொரு படிக்கும் தனி இழைக் குளம் வைத்தது மிகை என்று 2010-இல் எழுதினார். வேலை படிதாண்டும்போதெல்லாம் இழை மாற்றச் செலவு கூடுகிறது.

மெய்நிகர் இழைகள்

2023-இல் ஜாவா 21 மெய்நிகர் இழைகளைக் கொண்டுவந்தது. ஜகார்த்தா கன்கரன்சி 3.1 அவற்றை வழங்கிக்குள்ளும் அனுமதிக்கிறது. இழைப் பஞ்சம் இதனால் தீரும். வழங்கி விழுந்தால் வேலை போவது அப்படியே இருக்கிறது. இணைப்புக் குளத்தில் 50 இணைப்புகள்தான் என்றால், 10,000 மெய்நிகர் இழைகளும் அந்த 50-க்காக வரிசையில் நிற்க வேண்டும்.