ஸ்கேன் நார்மல்: ஹிலாரி மேன்டலும் பத்மா லட்சுமியும் எழுதிய வலி

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்தேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, "தூரமா?" என்று காதோடு கேட்டாள். தலையாட்டினேன். "அப்ப ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒண்ணுமில்லாததற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் கிடைக்கப் பதினாறு வருஷம் ஆனது. கருப்பையின் உள்சுவரில் இருக்கிற மாதிரியான திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் குடலிலும் போய் ஒட்டி வளர்கிற நோய். இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வகுப்பில் நாற்பது பெண்கள்.

அந்தப் பதினாறு வருஷத்தில் ஏழெட்டு ஸ்கேன். எல்லாவற்றிலும் நார்மல். எங்கள் வேலையில், பயனர் சொன்ன கோளாறு டெவலப்பரின் மெஷினில் வரவில்லை என்றால் டிக்கெட்டை மூடிவிடுவோம். கோளாறு அங்கேதான் இருக்கும். அதே வழக்கம் மருத்துவத்திலும் உண்டு என்று தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. சின்னத் திட்டுகள் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கும்போது எனக்கு இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி, குடலோடு ஒட்டு.

பெயர் கிடைத்த பிறகு இரண்டு புத்தகங்கள் வாசித்தேன். ஒன்று ஹிலாரி மேன்டலின் நினைவுக்குறிப்பு 'கிவிங் அப் த கோஸ்ட்' (2003). மற்றது சென்னையில் பிறந்த பத்மா லட்சுமியின் 'லவ், லாஸ் அண்ட் வாட் வீ ஏட்' (2016). இரண்டையும் எழுதியது இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது. ஒரே அலமாரியில் வைத்தால் மேன்டலுக்குக் கோபம் வரலாம்.

மேன்டல் சொல்கிற கதை எளிமையானது, பயங்கரமானது. கல்லூரிக் காலத்தில் வலி என்று போகிறார். மன அழுத்தம் என்று மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரைகள் இருப்புக் கொள்ளாமல் ஆக்க, அதையே பைத்தியத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு இன்னும் கடுமையான மாத்திரை. ஒரு மனநல மருத்துவர் எழுதுவதையே நிறுத்தச் சொல்கிறார். பிறகு பாட்ஸ்வானாவில் இருக்கும்போது ஒரு மருத்துவப் பாடநூலைப் புரட்டித் தன் நோயைத் தானே கண்டுபிடிக்கிறார். 27 வயதில் லண்டனில் அறுவை சிகிச்சை. கருப்பை போனது, சினைப்பைகள் போயின, குடலில் கொஞ்சம் போனது. நோய் மட்டும் திரும்பி வந்தது.

இந்தப் பகுதியை மேன்டல் எழுதும் விதம்தான் எனக்கு முக்கியம். அழுகை இல்லை. தன்னை நம்பாத மருத்துவர்களை ஒரு நாவலாசிரியர் துணைப்பாத்திரங்களைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். அவர்களுடைய பேச்சு, அவர்களுடைய அலுப்பு, எல்லாம் துல்லியம். ஹார்மோன் மாத்திரையால் உடம்பு பெருத்துப்போய்க் கண்ணாடியில் வேறொருத்தி நிற்பதைச் சொல்லும்போதும் அதே குரல். 'உல்ஃப் ஹால்' எழுதியவரின் நகைச்சுவை எங்கே தயாரானது என்று தெரிய வேண்டுமானால் இந்தப் பக்கங்களை வாசியுங்கள்.

பத்மா லட்சுமியின் புத்தகம் இலக்கியமாக அந்த உயரத்தில் இல்லை. சமையல் குறிப்பும் காதலும் பிரபலங்களும் கலந்த புத்தகம். சல்மான் ருஷ்டியுடனான மணமுறிவைத்தான் பத்திரிகைகள் அதிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டன. ஆனால் மேன்டலிடம் இல்லாத ஒன்று அதில் உண்டு. வலி ஒரு வீட்டுச் சொத்து மாதிரி அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறது. மாதா மாதம் படுத்துக் கிடப்பது பெண்ணாய்ப் பிறந்ததில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கிற தமிழ் வீட்டுப் பழக்கம், நியூயார்க் வரைக்கும் போகிறது. 36 வயதில்தான் அவருக்கு நோயின் பெயர் தெரிகிறது. 2009இல் தன் மருத்துவர் டேமர் செச்கினோடு சேர்ந்து அமெரிக்காவில் இதற்கென ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்.

எனக்கு அவரிடம் சண்டை ஒன்று இருக்கிறது. சரியான மருத்துவர் வந்ததும் கதை வெளிச்சத்துக்குப் போய்விடுகிறது. அந்த மருத்துவர் இருக்கிற தெரு மன்ஹாட்டனில் இருக்கிறது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் நூறு பேரிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் பெயர் எழுதாத ஒரு மாத்திரையைக் கையில் தந்து மெஷினுக்கு அனுப்புகிறார். லீவு இல்லை, கேள்வி இல்லை. அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்குப் போன என் கூட்டாளிகள் யாரும் நினைவுக்குறிப்பு எழுதப்போவதில்லை.

சரி, நம் இலக்கியத்தில்? நான் வாசித்த கரிசல் கதைகளில் பிரசவ வலி உண்டு, பசி உண்டு, மழை பொய்த்த வருஷங்கள் உண்டு. மாத வலி என்று ஒரு பக்கம்கூட என் நினைவில் இல்லை. 'தூரம்' என்று ஒரு சொல் வரும், அதோடு கதை வேறு பக்கம் திரும்பிவிடும். சொல்லே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. தூரம், விலக்கு, முட்டு: மூன்றும் அவளை எங்கே வைப்பது என்பதைச் சொல்கின்றன. அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்வதில்லை. மதுரை மாவட்டம் கூவலப்புரத்தில் அந்த நாட்களில் பெண்கள் தங்க இன்றும் தனிக் கட்டடம் இருக்கிறது. அதை எழுதுகிறவர்களும் தீட்டைப் பற்றி எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். உள்ளே சுருண்டு படுத்திருக்கிறவளின் அடிவயிற்றைப் பற்றி யார் எழுதுவது? சித்த மருத்துவத்தில் 'சூதகவலி' என்று நேரான சொல் ஒன்று இருந்தும், கதைக்காரர்கள் அதைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மேன்டலோடும் ஓர் இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. பிறக்காமல் போன மகளுக்கு கேட்ரியோனா என்று பெயர் வைத்து, அவள் ஆவியாகப் புத்தகம் முழுக்க நடமாடுகிறாள். அழகான பகுதிதான். ஆனால் எங்கள் ஊரில் நிலைமை தலைகீழ். "கல்யாணம் பண்ணு, ஒரு பிள்ளை பெத்தா சரியாப் போகும்" என்று எனக்குச் சொன்ன மருத்துவர்கள் மூன்று பேர். பிறக்காத பிள்ளையை எனக்கு முன்னாடியே மருந்துச் சீட்டில் எழுதிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் ஆவியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது தினம் 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட். மாதவிடாய் நின்றிருக்கிறது, தலைவலி நிற்கவில்லை. கட்டி திரும்ப வந்திருக்கிறது. கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். கருப்பையை எடுத்தாலும் வெளியே ஒட்டியிருப்பது தானாகப் போகாது என்பதற்கு மேன்டலின் உடம்பு ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு 36 வயதில் எடுத்தார்கள். எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது மேன்டலின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். மல்லிகை கட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பொம்பளைக்கும் திரும்பி வந்துச்சாக்கும்" என்றாள்.

"ஒனக்கு எடுத்த பெறகு வலி போச்சாம்மா?"

"ஒரு வருசம் போச்சு. பெறகு வந்துச்சு. ஒங்கப்பா கேட்டா கேஸ்னு சொல்லிருவேன்."

பீரோவின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்து வந்தாள். டிஸ்சார்ஜ் சீட்டு பாதி அழிந்திருந்தது. பயாப்சி என்ற இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை. வரும் வியாழக்கிழமை மதுரையில் எனக்கு அப்பாயின்ட்மென்ட். அந்தக் கவரோடு அவளும் வருகிறேன் என்றிருக்கிறாள்.