கப்ரீசொவ் கனிந்த விதம்

2015 ஜூன் மாதம் புளோரிடாவின் சன்ரைஸ் நகரில் என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீகின் டிராஃப்ட் நடந்தது. பதினெட்டு வயதையொட்டிய பையன்களை முப்பது கிளப்புகளும் முறைவைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நிகழ்வு அது. முதல் பெயர் கானர் மெக்டேவிட். அவர் பெயர்தான் முதலில் வரும் என்று ஊரறியத் தெரிந்திருந்தது. கிரில் கப்ரீசொவின் பெயரை மினசோட்டா வைல்ட் ஐந்தாவது சுற்றில், 135ஆவதாகச் சொன்னது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 135 என்ற எண்ணிலேயே சொக்கி நின்றுவிடுகிறார்கள். இத்தனை பேர் கோட்டைவிட்டார்களே என்ற வியப்பு அவர்களுக்கு. எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. ஐந்தடி பத்து அங்குலத்தைத் தாண்டாத உயரம். ரஷ்யக் கிளப்போடு ஒப்பந்தம் வேறு இருந்தது. எடுத்தாலும் கடல் தாண்டி வருவானோ மாட்டானோ என்று கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. என் மனம் லயிப்பதெல்லாம் அதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளில்தான். தேர்வான பையன் உடனே அமெரிக்காவுக்குப் போகாமல், மூன்று ரஷ்யக் கிளப்புகளில் ஆடி, ஒவ்வொன்றிலும் ஒரு நுட்பத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தார். ரசித்துப் பார்க்க வேண்டியது அந்தச் சேகரத்தை.

சைபீரியாவின் தென்மேற்கே, நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன நோவோகுஸ்நெட்ஸ்க் அவர் ஊர். கோல்கீப்பர் செர்கேய் பாப்ரொவ்ஸ்கியும் தடுப்பாட்டக்காரர் டிமித்ரி ஆர்லொவும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்களே. ஊர்க் கிளப் மெட்டலூர்க் ஏழைக் கிளப். ரஷ்யாவின் மேல்மட்ட லீகான கேஹெச்எல்லில் அது தள்ளாடிக்கொண்டிருந்தது, 2017இல் லீகிலிருந்தே வெளியேறியது. ஆனால் வளரும் பையனுக்கு அப்படி ஓர் அணி வாய்ப்பது பாக்கியம். பணக்கார அணியில் பதினேழு வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து பழகுவான். இங்கே அவனைப் பனித்தரையில் இறக்கித்தான் ஆக வேண்டும். 2014-15 பருவத்தில் கப்ரீசொவ் 31 ஆட்டங்களில் 4 கோல் போட்டார். டிராஃப்டுக்கு அடுத்த பருவத்தில் அதே அணிக்கு 11.

அந்த ஆண்டுகளில் அவர் கற்றதை அவருடைய கால்களில் பார்க்கலாம். ஸ்கேட்டின் இரும்புத் தகடு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் அடிப்பக்கத்தைக் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு தகட்டுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் உடம்பின் பாரத்தை எப்போது மாற்றுகிறோம் என்பதில்தான் ஸ்கேட்டிங்கின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. வளைவில் போகும்போது பெரும்பாலானவர்கள் ஒரு காலைத் தூக்கி மறுகாலைத் தாண்டி வைத்து வேகம் எடுப்பார்கள். கால் தூக்கும் அந்தக் கணத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். ஒரு இடி போதும், சாய்ந்துவிடலாம்.

கப்ரீசொவ் பல நேரம் காலைத் தூக்குவதே இல்லை. இரண்டு குதிகாலும் ஒன்றையொன்று பார்க்க, பாதங்களை இருபுறமும் விரித்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பரதநாட்டியத்து அரைமண்டியில் இருப்பவரைப் போல அப்படியே சறுக்கி வளைகிறார். இரண்டு கால்களும் தரையில் இருப்பதால் இடித்தாலும் அசைவதில்லை. மார்பு முழுக்க மைதானத்தைப் பார்த்திருப்பதால் இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. இந்த நிலையிலிருந்து அவர் பாஸும் கொடுக்கலாம், கோலுக்கும் அடிக்கலாம், சட்டென்று திரும்பியும் போகலாம். மூன்றில் எது வரப்போகிறது என்று எதிரே நிற்கிற தடுப்பாட்டக்காரருக்குத் தெரியாது. கப்ரீசொவும் அதைக் கடைசிக் கணத்தில்தான் முடிவு செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பனித்தரையைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோரம் அவர் செய்வது இதைவிட அழகு. தன்னைவிட அரையடி உயரமான ஒருவர் முதுகில் வந்து சாய்கிறார். கப்ரீசொவ் விலகிப் போக முயல்வதில்லை. இடுப்பைப் பின்னால் தள்ளி அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்கிறார். வட்டு உடம்புக்கு அப்பால், மட்டையின் நுனியில் இருக்கிறது. பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்தட்டும் என்று காத்திருக்கிறார். அழுத்தம் ஒரு பக்கமாகச் சரிந்ததும் வெளிவிளிம்பில் பாரத்தை மாற்றி எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்புகிறார். தள்ளிக்கொண்டிருந்தவருக்குத் தள்ள ஆளில்லை. தன் வேகத்தாலேயே பலகையில் போய்ச் சாய்கிறார். குள்ளம் என்று 2015இல் ஒதுக்கப்பட்ட அதே உடம்புதான் இங்கே வேலை செய்கிறது. தாழ்ந்த உடம்பைக் கவிழ்ப்பது கடினம்.

2016இல் அவர் ஊஃபா நகரத்தின் சலவாத் யுலாயெவ் கிளப்புக்கு மாறினார். அங்கே 49 ஆட்டங்களில் 20 கோல். அந்தப் பருவத்தின் நடுவே, 2017 ஜனவரியில் முடிந்த உலக ஜூனியர் போட்டியில், ரஷ்ய அணிக்குத் தலைவராக 7 ஆட்டங்களில் 9 கோல் போட்டார். போட்டியின் சிறந்த முன்கள வீரர் என்ற விருதும் பெற்றார். ரஷ்யாவுக்கு வெண்கலம். மினசோட்டாவில் அவரை எப்போது அழைத்து வருவீர்கள் என்ற நச்சரிப்பு அதன்பின் ஓயவே இல்லை. அவரோ மாஸ்கோவின் சிஎஸ்கேஏ கிளப்பில் சேர்ந்து, மூன்று பருவங்களுக்குத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டார்.

ரஷ்யாவில் பருவத்துக்குப் பருவம் அவர் போட்ட கோல்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 4, 11, 20, 15, 30, 33. நடுவில் இருக்கும் 15தான் சிஎஸ்கேஏவில் முதல் பருவம். எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அது சரிவு. எனக்கு ஆறு பருவங்களில் மிகச் சிறந்தது அதுதான். பயிற்சியாளர் இகர் நிகிட்டின் தடுப்பாட்டத்தில் கறாரானவர். வட்டு கையைவிட்டுப் போனதும் முன்கள வீரனும் திரும்பி ஓடி வர வேண்டும். தன் இடம் எதுவோ அங்கே நிற்க வேண்டும். நோவோகுஸ்நெட்ஸ்கில் எல்லாவற்றையும் தானே செய்தாக வேண்டியிருந்த பையனுக்கு, இங்கே தன்னைப்போலத் திறமை படைத்த பலரில் ஒருவனாக ஆடும் பாடம். கோல் 20இலிருந்து 15ஆகக் குறைந்த அதே பருவத்தில், அடுத்தவர் கோலுக்கு உதவியது 22இலிருந்து 25ஆக ஏறியது. வட்டு தன் மட்டையில் இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்று அந்தப் பருவத்தில் அவர் கற்றார்.

அது எப்படிப்பட்ட கல்வி என்று 2018 பிப்ரவரி 25 அன்று உலகமே பார்த்தது. பியாங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம். ரஷ்யக் கொடியின்றி, ‘ரஷ்யாவிலிருந்து வந்த ஒலிம்பிக் வீரர்கள்’ என்ற பெயரில் ஆடிய அணிக்கு எதிரே ஜெர்மனி. என்ஹெச்எல் தன் வீரர்களை அனுப்பாத ஒலிம்பிக் அது. ஒரு நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில், ரஷ்ய அணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருக்க, அந்த அணியின் நிகிதா குசெவ் கோல் போட்டு 3-3 ஆக்கினார். ஓவர்டைமில் ஜெர்மனியின் பாட்ரிக் ரைமர் மட்டையை உயர்த்தியதற்குத் தண்டனை பெற்றார். பனியில் ரஷ்யர் நால்வருக்கு எதிரே ஜெர்மானியர் மூவர்.

இனி வருவது சில நொடிகள்தான். குசெவ் வட்டை மட்டையில் வைத்துக்கொண்டு அவசரப்படாமல் நிற்கிறார். ஜெர்மன்காரர்களின் கண்ணும் கோல்கீப்பரின் கண்ணும் அவர்மேல். எதிர்ப்பக்கத்தில் கப்ரீசொவ். அவர் உடம்பு முன்பே திறந்து தயாராக இருக்கிறது. குறுக்கே பாஸ் வருகிறது. கப்ரீசொவ் அதை நிறுத்துவதில்லை. வந்த வேகத்திலேயே அடிக்கிறார்.

இந்த அடியின் நயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 170 கிராம் கெட்டி ரப்பர் வட்டு; துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். அது பனியில் பாய்ந்து வரும்போது அடிப்பவர் பின்காலில் இருக்க வேண்டும். அது வந்து சேரும் நொடியில் பாரம் முன்காலுக்கு வந்திருக்க வேண்டும். மட்டை முதலில் பனியைத் தொட்டு வில்லாக வளையும். அந்த வளைவு நிமிரும்போதுதான் வட்டுக்கு முழு விசையும் ஏறும். கொஞ்சம் முந்தினால் வட்டு நழுவும். கொஞ்சம் பிந்தினால் கோல்கீப்பர் குறுக்கே நகர்ந்து வந்துவிடுவார். தங்கப் பதக்கம் தொங்கிக்கொண்டிருக்கும் கணத்தில், இருபது வயதில், இந்தக் கணக்கில் ஒரு இம்மியும் பிசகவில்லை. 4-3. அந்தப் போட்டியின் 6 ஆட்டங்களில் அவருக்கு அது ஐந்தாவது கோல். உள்ளூர் லீகில் கோல் குறைந்த ஆண்டு என்றேனே, அதே ஆண்டில் வந்தது இது.

அதன்பின் 2019இல் சிஎஸ்கேஏ இறுதிச் சுற்றில் அவன்கார்ட் கிளப்பை 4-0 என்று வீழ்த்தி, முதன்முறையாக கேஹெச்எல்லின் ககாரின் கோப்பையை வென்றது. அந்தப் பருவத்தில் கப்ரீசொவுக்கு 30 கோல், அடுத்த பருவத்தில் 33. ரஷ்யாவில் கற்பதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில், 2020 ஜூலையில் மினசோட்டாவோடு ஒப்பந்தம் போட்டார்.

ஒலிம்பிக் அளவு என்று வழங்கிவந்த பனித்தரை 30 மீட்டர் அகலம். என்ஹெச்எல்லில் அது 26 மீட்டர்தான். அகலத்தில் சுழன்று பழகிய ஐரோப்பியர் பலருக்கு இந்தக் குறுகலில் மூச்சுமுட்டும். கப்ரீசொவுக்கு அது உறுத்தவே இல்லை. பலகையோரத்து நெருக்கடியில் ஆடிப் பழகியவருக்கு நான்கு மீட்டர் குறைந்தால் என்ன? 2021 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் முதல் ஆட்டம். இரண்டு கோலுக்கு உதவி, ஓவர்டைமில் வெற்றிக் கோலையும் தானே போட்டார். கொரோனாவால் சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தில் 55 ஆட்டங்களில் 27 கோல். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பைக்கு வாக்களித்த 100 பேரில் 99 பேர் அவரை முதலிடத்தில் வைத்தார்கள்.

அடுத்த பருவத்தில் 47 கோல், 61 உதவி. கோலும் உதவியும் சேர்த்து, மினசோட்டா அணியின் வரலாற்றில் ஒரே பருவத்தில் நூறு புள்ளியைத் தாண்டிய முதல் வீரர் அவர். அந்த ஆண்டில் எனக்குப் பிடித்தது எண்களைவிட மாட்ஸ் ஸுக்காரெல்லோவோடு அவர் ஆடிய ஜோடி ஆட்டம். நார்வேக்காரரான ஸுக்காரெல்லோ பத்து வயது மூத்தவர், அவரும் குள்ளம்தான், டிராஃப்டில் யாருமே எடுக்காதவர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பாஸ் கொடுப்பார்கள். அந்த ஜோடிக்கு நடுவே ஆடிய ரையன் ஹார்ட்மனுக்கு அந்தப் பருவத்தில் 34 கோல் கிடைத்தது. சிஎஸ்கேஏவில் கற்ற பாடம் இன்னொருவர் கணக்கில் வரவாகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

2025 செப்டம்பரில் மினசோட்டா அவரோடு 8 ஆண்டுகளுக்கு 13.6 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அதுவரை என்ஹெச்எல்லில் யாருக்கும் அவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை.

வாய்ப்புக் கிடைத்தால் அந்த ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தின் பதிவைப் பாருங்கள். கோலை மட்டும் வெட்டி எடுத்த அரை நிமிடத் துண்டு வேண்டாம். ஓவர்டைமை முழுதாகப் பாருங்கள். வட்டு வேறு யாரிடமோ இருக்கும் நேரத்தில் கப்ரீசொவ் எங்கே நிற்கிறார் என்று தேடிக்கொண்டே பாருங்கள்.