மதுரைச் சீமையின் வீட்டுக் காப்பி: நான்கு வழிகளும் அவற்றின் நெறிகளும்

மதுரைச் சமவெளியில் காப்பி விளைவதில்லை. ஆனால் அது விளையும் மலைகள் நமக்கு மிக அருகில் இருக்கின்றன. வடக்கே சிறுமலை, வடமேற்கே கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர், மேற்கே போடி மலைகளும் மேகமலையும். மிளகுக்கொடி ஏறிய நிழல் மரங்களுக்கு அடியில், ஆரஞ்சும் மலைவாழையும் ஊடே நிற்க, காப்பிச் செடிகள் வளர்கின்றன. கார்த்திகை தொடங்கி மாசி வரை பழம் பறிப்பார்கள். அந்தக் கொட்டை வத்தலக்குண்டுப் பக்கம் பட்டிவீரன்பட்டிக்கு இறங்கி வந்து, மேல்தோல் நீக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு மூட்டையாகும். 1928இல் மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபோது மலைச் சரக்கு நகருக்கு வரும் வழி இன்னும் எளிதாயிற்று.

இவ்வளவு அருகில் இருந்தும் நல்ல காப்பி என்ற பேச்சு வந்தால் நாம் கும்பகோணத்தைத்தான் சொல்கிறோம். அந்த ஊர் டிகிரி காப்பியின் பெருமையை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரே அளவுகோலைக் கொண்டு மதுரை வட்டாரத்து வீடுகளின் காப்பியை அளந்தால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். இங்கே குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் செய்முறை உண்டு, தனிப் பக்குவம் உண்டு, கெட்டுப்போகும் இடமும் தனியே உண்டு.

ஃபில்டர் வழி

லட்சுமிபுரத்து வீடுகளிலும், தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சௌராஷ்டிர வீடுகளிலும், பின்னாளில் கே.கே. நகர், அண்ணா நகர் வரையிலும் விடியற்காலையில் முதலில் கையில் எடுக்கப்படுவது ஃபில்டர். பழைய வீடுகளில் அது பித்தளை, பிறகு எவர்சில்வர். மேல் பாத்திரத்தின் அடியில் பொடித் துளைகள், உள்ளே குடை போன்ற அமுக்கி, கீழே டிகாக்ஷன் சேரும் பாத்திரம், மேலே மூடி. இவ்வளவுதான் கருவி. மீதி எல்லாம் கைப்பழக்கம்.

தூளைப் போட்டுத் தட்டிச் சமன்செய்து, குடையால் லேசாக அழுத்த வேண்டும். இறுக்கி அழுத்தினால் சொட்டாது. அழுத்தாமல் விட்டால் தண்ணீர் தூளை நனைத்த மாத்திரத்தில் கீழே ஓடிவிடும், டிகாக்ஷன் வெளிறிப்போகும். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய மறுகணம் ஊற்றுவது மரபு. முதலில் தூள் நனையும் அளவுக்குக் கொஞ்சம், அது ஊறிய பின் மீதி. நாலைந்து கரண்டித் தூளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்றால் கெட்டியான டிகாக்ஷன் மூன்று பேருக்கு வரும். தூளும் கொஞ்சம் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சொட்டு மெதுவாக விழுந்தால்தான் சாரம் முழுதாக இறங்கும். அதனால்தான் பல வீடுகளில் இரவு படுக்கும் முன்பே ஃபில்டரைப் போட்டு வைத்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் முதல் விதி, டிகாக்ஷனை அடுப்பில் ஏற்றக்கூடாது என்பது. அதைக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். சூடு முழுவதும் பாலிலிருந்து வர வேண்டும். ஆறிய டிகாக்ஷனைச் சூடாக்கியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து எடுப்பது தெரிந்தவர் வேலை. இரண்டாம் விதி, முதல் டிகாக்ஷன் விருந்தாளிக்கு, இரண்டாவது வீட்டுக்கு என்பது. அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றும்போது இறங்குவது பெரும்பாலும் கசப்புதான். பல வீடுகளில் அந்த இரண்டாம் டிகாக்ஷனைக் கடைசியாக உட்கார்ந்து குடித்தவர் அம்மாதான் என்பதை இந்த மரபைப் புகழும்போது மறக்கக்கூடாது. முதல் டிகாக்ஷனை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் வீட்டில்தான் இந்த வழி முழுமை அடைகிறது என்பேன்.

சிக்கரிக் கட்சிகள்

ஃபில்டர் வீடுகளுக்குள்ளேயே தீராத வழக்கு சிக்கரி. அது ஒரு செடியின் கிழங்கு. நம் நாட்டில் குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கமும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா பக்கமும் விளைகிறது. வறுத்து அரைத்தால் கறுப்பு நிறமும் கெட்டித்தன்மையும் லேசான இனிப்பும் தரும். காப்பியின் காஃபீன் அதில் இல்லை. தண்ணீரில் உப்பி நிற்பதால் டிகாக்ஷன் இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. கலப்புத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். ஆக, சட்டப்படி 49 சதவீதம் வரை கிழங்கு இருக்கலாம்.

சுத்தக் காப்பிக்காரர்கள் சிக்கரியைக் கலப்படம் என்கிறார்கள். 80 பங்கு காப்பிக்கு 20 பங்கு சிக்கரி கலக்கும் வீட்டுக்காரர்கள், பாலின் கொழுப்பை வெட்டிக்கொண்டு நாக்கில் நிற்க அது வேண்டும் என்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. எருமைப்பாலோ, 6 சதவீதம் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டோ வாங்கும் வீட்டில் கொஞ்சம் சிக்கரி காப்பிக்குத் துணை நிற்கும். 3 சதவீதக் கொழுப்புள்ள நீலப் பாக்கெட்டில் அதே அளவு சிக்கரி காப்பியை விழுங்கிவிடும். சிக்கரி பாதியைத் தொட்டால் எந்தப் பாலிலும் காப்பி தெரியாது. என் கணிப்பில் 20 சதவீதத்துக்கு மேல் போவது விலைக்காக, ருசிக்காக இல்லை.

கொட்டையிலும் கட்சிகள் உண்டு. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைவது பீபெரி. விளைச்சலில் சிறு பங்குதான். உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும் என்பது அதை விரும்புகிறவர்களின் நம்பிக்கை. பிளாண்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காப்பியின் பெரிய கொட்டை. இரண்டையும் சரிபாதி கலந்து, கண் முன்னே அரைக்கச் சொல்லி, கால் கிலோவுக்கு மேல் வாங்காதவர்கள் பழைய ஃபில்டர்க்காரர்கள். அரைத்த தூள் பத்துப் பதினைந்து நாளில் மணம் இழக்கும் என்பதால் அந்தக் கால் கிலோ கணக்கில் அறிவு இருக்கிறது.

காப்பித்தண்ணி வழி

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் காப்பி இன்னொரு வழியில் வந்து சேர்ந்தது. அங்கே ஃபில்டர் இல்லை. கொதிக்கும் தண்ணீரில் தூளைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி மூடி, தூள் அடியில் தங்கியபின் துணியிலோ வடிகட்டியிலோ வடிப்பார்கள். பால் சேர்த்தால் பால்காப்பி, சேர்க்காவிட்டால் வரக்காப்பி. மொத்தமாகக் காப்பித்தண்ணி.

ஒரு காலத்தில் காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போன வீடுகளில் இது புகுந்தபோது பெரியவர்கள் மனம் கசந்தார்கள். காந்தியடிகளும் தேநீரையும் காப்பியையும் வேண்டாம் என்றே எழுதினார். நீராகாரத்திலிருந்து காப்பிக்கு வந்த அந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஃபில்டர் காப்பி எப்படி மேல்சாதி நடுத்தர வர்க்கத்தின் அடையாளம் ஆயிற்று என்பதும் அதிலிருந்து விளங்கும். காப்பி கிளப் என்ற சிற்றுண்டிக் கடைகளில் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய காலம் அது. அதை எதிர்த்த சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாட்டுக்கு 1929இல் செங்கல்பட்டில் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், காப்பிக்குப் பேர்போன இதே பட்டிவீரன்பட்டிக்காரர். ஆகவே காப்பித்தண்ணியைத் தாழ்ந்த காப்பி என்று சொல்லும் முன், அந்தத் தரவரிசை ருசியிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரக்காப்பியில் கொட்டையின் குணம் நேராகத் தெரியும், மறைக்கப் பாலில்லை. இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றே: கொதி நீடித்தால் கஷாயமாகிவிடும். ஒரு கொதி, உடனே மூடி, பிறகு வடி என்பதைக் கைக்கொண்டால் இது ஃபில்டருக்குக் குறைந்ததில்லை. வீட்டில் துக்கம் என்றால் அடுப்புப் பற்றவைக்காத அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் இந்தக் காப்பிதான். “ஒரு வாய் காப்பித்தண்ணியாச்சும் குடிங்கத்தா” என்ற சொல்லுக்காக அழுது ஓய்ந்தவர்கள் டம்ளரை வாங்கிக்கொள்கிறார்கள். இந்தச் சீமையில் காப்பிக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை.

கருப்பட்டி வழி

மூன்றாவது, பனங்காட்டு வழி. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்துக் கருப்பட்டி மதுரைக் கடைகளுக்கு ஓலைப்பெட்டியில் வந்த நாள்முதல் இருந்துவருவது. இதில் அறிய வேண்டியவை இரண்டு. கருப்பட்டியைத் தட்டித் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டியே ஆக வேண்டும். பதநீரில் சேர்த்த சுண்ணாம்பும் மண்ணும் அடியில் தங்கும். பாலைக் கருப்பட்டியோடு சேர்த்துக் கொதிக்கவிடக்கூடாது, திரிந்துபோகும். தனியே காய்ச்சி, அடுப்பை அணைத்தபின் கடைசியில் சேர்க்க வேண்டும்.

சுக்குமல்லிக் காப்பி இதன் உடன்பிறப்பு. சுக்கு, கொத்துமல்லி விதை, மிளகு, சில வீடுகளில் திப்பிலி, இவற்றைக் கருப்பட்டியோடு கொதிக்கவிடுவது. காப்பிக்கொட்டை பெரும்பாலும் சேராது. ஆனாலும் ஐப்பசி மழையில் சளி பிடித்த பிள்ளைக்கு மதுரை வீட்டில் “காப்பி” என்று கொடுப்பது இதைத்தான்.

உடனடித் தூள் வழி

நான்காவது வழியைப் பட்டியலில் சேர்க்கவே சிலர் தயங்குவார்கள். ஆனால் இன்று பல வீடுகளில் பொழுது விடிவது ப்ரூ, சன்ரைஸ் போன்ற தூளில்தான். மளிகைக்கடையில் சரமாகத் தொங்கும் சிறு பாக்கெட், அன்றைய கூலியில் அன்றைய காப்பியை வாங்க வழிசெய்கிறது. இதற்கும் நெறி உண்டு. தூளைச் சீனியோடு டம்ளரில் போட்டு, சொட்டு வெந்நீரில் நன்றாக அடித்துக் கரைத்து, அதன்மேல் நுரை பொங்கப் பாலை ஊற்ற வேண்டும். பாலோடு தூளையும் போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் நிற்காது.

தண்ணீர் என்னும் நடுவர்

நான்கு வழிக்கும் பொதுவான முதல் பொருள் தண்ணீர். மதுரையில் இதைச் சொல்லாமல் காப்பியைப் பேச முடியாது. வைகைக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் வருவது பல தெருக்களில் உப்புத் தண்ணீர். உப்பும் கடினமும் ஏறிய தண்ணீரில் டிகாக்ஷன் மங்கும், காப்பியின் மெல்லிய புளிப்பு அமுங்கிப்போகும். நல்ல தண்ணீர்க் குடத்தைக் குடிக்கவும் காப்பிக்கும் என்று தனியே எடுத்து வைத்த பெண்கள் இந்த நகரத்துக் காப்பியின் தரத்தைக் காத்தவர்கள். தூள் சிக்கி ஃபில்டர் துளை அடைத்தால், மேல் பாத்திரத்தின் அடியைத் தணலில் காட்டித் துளையைத் திறப்பதும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததே.

பொது அளவுகோல்

இந்த நான்கையும் ஒரே தராசில் வைக்க ஆசைப்பட்டால், நான் முன்வைப்பது இது. தூள் புதிதா? தண்ணீர் நல்லதா? கொதி அளவோடு நின்றதா? பால் அன்றைய பாலா? இனிப்பு காப்பியின் கசப்பை மூடாமல் நிற்கிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால் அது நல்ல காப்பி. வந்தது ஃபில்டரிலிருந்தா, துணி வடிகட்டியிலிருந்தா என்பது அதன் பிறகு எழும் கேள்வி.

ஆறாவதாக, கொட்டை எந்த மலை என்ற கேள்வியையும் சேர்க்க விரும்புகிறேன். 1942இல் அமைந்த காப்பி வாரியத்துக்குத் தாண்டிக்குடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியக் காப்பியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் கர்நாடகம் விளைவிக்கிறது. தமிழ்நாட்டின் பங்கு சிறியது, ஆனால் அதில் பெரும்பகுதி அராபிகா. தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொட்டிய முறை 1990களில் முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது பழனி மலைக் கொட்டையைப் பெயர் சொல்லி விற்கவும் வாங்கவும் தடை ஏதுமில்லை. ஆனாலும் தூள்கடையில் நின்று சிக்கரி எத்தனை என்று கேட்கும் நாம், கொட்டை எந்த மலை என்று கேட்பதில்லை. வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் தேடுவார். கடைக்காரர் தேடினால் மலையில் செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போக நினைப்பவருக்குக் காப்பியிலேயே நிற்க ஒரு காரணம் கிடைக்கும். அடுத்த கால் கிலோ வாங்கும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.