பழியை யார் தலையில் இறக்குவது?

2013 மார்ச்சில் ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி 'எங்கள் தாய்மார், எங்கள் தந்தையர்' என்ற போர்க்கதையை மூன்று இரவுகளில் ஒளிபரப்பியது. கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் 70 லட்சத்துக்கும் மேல். இரண்டாம் உலகப் போரைக் கண்ட தாத்தா பாட்டிகளோடு பேரப் பிள்ளைகள் உட்கார்ந்து பேச இதுவே கடைசி வாய்ப்பு என்று நாளிதழ்கள் எழுதின. அதே நாள்களில் போலந்தில் கோபம் கொதித்தது. பெர்லினில் இருந்த போலந்துத் தூதர் தொலைக்காட்சிக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார்.

கதை 1941 கோடையில் பெர்லினில் தொடங்குகிறது. ஐந்து நண்பர்கள். ராணுவ அதிகாரி வில்ஹெல்ம், புத்தகப் பிரியனான அவன் தம்பி ஃப்ரீட்ஹெல்ம், போர்முனைக்குச் செல்லும் தாதி சார்லட், பாடகியாகத் துடிக்கும் கிரெட்டா, யூதனான விக்டர். இவர்களில் எவரும் நாஜிக் கொள்கையை நெஞ்சார நம்பியவர் அல்லர். வரலாற்றாசிரியர் உல்ரிச் ஹெர்பர்ட் இந்த இடத்தைத்தான் பிடித்தார். ஹிட்லரை ஆரவாரித்து வரவேற்ற தலைமுறை இதுதான். அந்த ஆரவாரத்தைத் தொடரில் காணோம் என்றார். யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தே நடமாட வேண்டும் என்ற உத்தரவு அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த நகரத்தில் இப்படியொரு நட்புவட்டம் எத்தனை இடங்களில் இருந்திருக்கும்?

தொடர் குற்றத்தை மறைக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வில்ஹெல்ம் சரணடைந்த சோவியத் கமிசாரை, அதாவது படையின் அரசியல் அதிகாரியை, சுடுகிறான். ஃப்ரீட்ஹெல்ம் கண்ணெதிரே கல்லாகிறான். சார்லட் தன்னோடு வேலை செய்யும் யூதப் பெண்ணைக் காட்டிக் கொடுக்கிறாள். ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் செய்த பின் நொறுங்குகிறார்கள். நொறுங்காத வெறி, கெஸ்டபோ அதிகாரிக்கும் நாஜி உளவுப் பிரிவான எஸ்.டி.யின் அதிகாரிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. யூத வெறுப்பைச் சற்றும் கூசாமல் வாய்விட்டுப் பேசும் வேலையில் பெரும்பங்கு போலந்துக் காட்டில் ஒளிந்திருக்கும், ஆர்மியா க்ரயோவா என்ற நாஜி எதிர்ப்புத் தலைமறைவுப் படையின் வீரர்களுக்குப் போய்ச் சேருகிறது. விக்டர் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லும் ரயிலிலிருந்து தப்பி அவர்களோடு சேர்கிறான். தாங்கள் மறித்த ரயிலுக்குள் யூதக் கைதிகள் அடைபட்டிருப்பது தெரிந்ததும், அவர்களை அப்படியே விட்டுப் போகச் சொல்கிறான் படைத்தலைவன். கதவைத் திறந்துவிடுவது விக்டர்.

அந்தப் படையில் யூத வெறுப்பு இருந்ததா? இருந்தது. போலந்து வரலாற்றாசிரியர்களே அதை எழுதியிருக்கிறார்கள். அதே அமைப்பில்தான் விடோல்ட் பிலெட்ஸ்கி இருந்தார். 1940 செப்டம்பரில் வலியப் பிடிபட்டு ஆஷ்விட்ஸுக்குள் போய், உள்ளிருந்து செய்தி அனுப்பியவர் அவர். யூதர்களுக்கு உதவ 1942 டிசம்பரில் தலைமறைவாக உருவான 'ஜெகோட்டா' குழு ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது போலந்தில் தலைமறைவாக இயங்கிய, அந்தப் படை சார்ந்திருந்த ரகசிய அரசின் கிளை. போரில் போலந்துக் குடிமக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் யூதர்கள். இந்தப் பின்புலம் எதுவும் தெரியாத ஜெர்மானிய இளைஞருக்குத் தொடர் கொடுத்த போலந்து முகம் அந்தக் காட்டு முகம் ஒன்றுதான். என் மனத்தை அறுப்பது இதுவே. காட்டிய காட்சி பொய் என்பதல்ல என் வழக்கு. அதைக் காட்டிய இடமும் காட்டியவர் யார் என்பதும்தான்.

இதற்கு முன்கதை உண்டு. 1979 ஜனவரியில் 'ஹோலோகாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடர் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பானது. முன்னோட்டமாக வந்த ஆவணப்படத்தின்போதே வலதுசாரித் தீவிரவாதிகள் ஒளிபரப்பு வசதிகளுக்குக் குண்டு வைத்தார்கள். வதைமுகாமிலிருந்து மீண்ட எலி வீசல், மலினப்படுத்தல் என்று தொடரைச் சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். வைஸ் என்ற ஒரு யூத மருத்துவரின் குடும்பம் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. கொலைக்குற்றத்துக்கான காலவரம்பை நீக்குவது பற்றி அப்போது நடந்துகொண்டிருந்த விவாதத்துக்கு அது சூடேற்றியது. அந்த ஜூலையில் நாடாளுமன்றம் வரம்பை நீக்கியது. அமெரிக்கர்கள் எங்கள் வரலாற்றைப் பறித்துக்கொண்டார்கள் என்று கொதித்த இயக்குநர் எட்கர் ரைட்ஸ், 1984இல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீளும் 'ஹைமாட்' தொடரால் பதில் சொன்னார். ஷாபாக் என்ற கற்பனைக் கிராமம், அதன் அடுப்படி, வயல், வானொலிப் பெட்டி. பேரழகு. யூதர்களின் அழிவோ அதில் ஓரத்தில்கூடச் சரியாக விழவில்லை.

பிரான்ஸும் எளிதில் கண்ணாடி பார்க்கவில்லை. நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி 1969இல் மார்செல் ஓஃபுல்ஸ் எடுத்த ஆவணப்படத்தை அந்நாட்டுத் தொலைக்காட்சி 1981 வரை காட்டவில்லை. ஆனால் 2009 முதல் 2017 வரை வந்த 'ஒரு பிரெஞ்சுக் கிராமம்' தொடர் இந்தத் துறையில் நான் பார்த்தவற்றுள் நேர்மை மிக்கது. ஊர் மருத்துவர் லார்ஷே, மக்களுக்கு உதவலாம் என்றெண்ணி மேயர் பொறுப்பை ஏற்கிறார். ஒவ்வொரு சமரசத்துக்கும் அவரிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யூதர்கள் அடைக்கப்படும் பகுதியில், நல்லவர்களே அந்தச் சிறையின் நிர்வாகிகளாகிறார்கள். பழியை எடுத்துப்போக வெளியூர்க்காரன் எவனும் அங்கே வருவதில்லை. 72 பகுதிகள் என்ற நீளமும் உதவியது. விடுதலைக்குப் பிறகான விசாரணைகள்வரை கதை நகர்கிறது.

ஜெர்மன் தொடரின் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. ஆர்மியா க்ரயோவாவின் முன்னாள் வீரர் ஒருவரும் வீரர்கள் சங்கமும் தொடுத்த வழக்கில், 2018 டிசம்பரில் போலந்தின் க்ராகோவ் நீதிமன்றம் தொடரைத் தந்தவர்களை மன்னிப்புக் கேட்குமாறு உத்தரவிட்டது. முதியவரின் வேதனை எனக்குப் புரிகிறது. என்றாலும், கதையின் ஒரு காட்சிக்காக நீதிபதி மன்னிப்பு வாசகம் எழுதுவது, நாளை போலந்துப் படைப்பாளி தன் ஊரின் யூத வெறுப்பைத் தொடும்போது அவர் கையையே கட்டும். ஜெர்மன் தொலைக்காட்சி தர வேண்டியது வேறு. பெர்லின் வீட்டுக் கூடத்தில் ஹிட்லரை மனமார வாழ்த்திய ஒரு தாயை, அழகும் அன்பும் குறையாமல், கதையின் நடுவில் நிறுத்தும் தொடர் அது.